அங்கம்மா கொண்டுவந்த வெள்ளை

மழை பிடித்துக்கொண்ட ஒரு வியாழக்கிழமை மத்தியானம், தோட்டத்துக்குத் துணி வெளுக்கும் அங்கம்மா என் புறவாசலில் வந்து நின்றாள். தலையில் சாக்கைக் கவிழ்த்துப் போட்டிருந்தாள். நனைந்துவிடாமல் வயிற்றோடு அணைத்துப் பிடித்தபடி ஒரு சின்னத் துணி மூட்டை.

கதவைத் திறந்ததும், தோட்டத்து வரிசைவீடுகளான லயங்களில் எதற்கு என்று வழக்கமாகக் கேட்பதைத்தான் கேட்டேன்.

"எந்த லயத்துக்கு?"

அவள் வாயைத் திறந்தாள், மூடினாள். "எந்த லயத்துக்கும் இல்லீங்க. வைங்கம்மா" என்று மூட்டையை நீட்டினாள். சரி, பிரசவங்களுக்குக் கைவசம் இருக்கட்டும் என்று உபரியாகக் கொண்டுவந்திருக்கிறாள் என நினைத்தேன். வாங்கி டிரங்குப் பெட்டியில் போட்டேன். திரும்பிப் பார்ப்பதற்குள் அவள் சரிவில் பாதி தூரம் இறங்கிவிட்டாள்.

அது அவளுடைய பிரசவத்துக்காக அவளே வெளுத்துக் கொண்டுவந்த துணி. அதற்கு முன் இரண்டு பிள்ளைகளை ஓடைக்கரையில் இருந்த தன் குடிசையிலேயே பெற்று, இரண்டையும் உயிரில்லாமல் பார்த்தவள் அவள். மூன்றாவதையாவது காப்பாற்ற வேண்டும் என்று மழையில் ஏறி வந்திருந்தாள். எனக்கு இது எதுவும் தெரியாது. ஒரு தோட்டத்துக்கே மருத்துவச்சியாக இருந்த நான், ஓர் அடி தூரத்தில் நின்ற நிறைமாதக்காரியைப் பார்த்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போய்ச் சோறு தின்றேன்.

ஒரு வாசகியின் கேள்வி

இதை எழுதுவதா வேண்டாமா என்று பல வாரம் யோசித்தேன். கேகாலைப் பக்கமிருந்து ஒரு வாசகி கடிதம் போட்டிருந்தார். அவருடைய மகள் முழுகாமல் இருக்கிறாளாம். "இன்றைக்கு கிளினிக் இருக்கிறது, ஊருக்கு ஊர் நர்ஸ் வருகிறார். உங்கள் காலத்தில் தோட்டத்துப் பெண்கள் துணைக்கு எங்கே போனார்கள்?" என்று கேட்டிருந்தார்.

நல்ல கேள்வி. "என்னிடம்தான் வந்தார்கள்" என்று மார்தட்டிப் பதில் எழுதிவிட்டேன். தபாலில் போடுவதற்கு முன் அங்கம்மா ஞாபகத்துக்கு வந்தாள். கடிதத்தைக் கிழித்துவிட்டேன். அந்த அம்மாளுக்கு இதுதான் பதில்.

படித்து வந்தவள்

கஹவத்தைக்கு மேலே பாதி தேயிலையும் பாதி ரப்பருமாக இருந்த தோட்டம் அது. பெயர் வேண்டாம். என் அப்பா வேறொரு தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. கொழும்பில் பிள்ளைப்பேறு பார்க்கப் படித்து, கையில் சான்றிதழும் கறுப்புத் தோல்பையுமாக நான் போய் இறங்கியபோது எனக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். கல்யாணம் ஆகவில்லை.

அதுதான் முதல் கோளாறு. லயத்துப் பெண்கள் என்னைச் சுற்றி நின்றுகொண்டு, "நீங்க எத்தன பெத்தீங்கம்மா?" என்று கேட்டார்கள். ஒன்றும் இல்லை என்றேன். ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தன் காம்பரா அறைக்குள் ஓடினாள். உள்ளே இருந்து சிரிப்புச் சத்தம் வெகு நேரம் கேட்டது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எனக்கு எப்போதும் மூக்கு நுனியில்தான் கோபம்.

டிஸ்பென்சரியில் இருந்தவரை எல்லோரும் டாக்டரையா என்பார்கள். டாக்டர் இல்லை, மருந்து கலக்கிக் கொடுப்பவர். அவர் ஒரு நீளமான நோட்டுப் புத்தகத்தை என்னிடம் கொடுத்தார். லயத்தின் எண், பெண்ணின் பெயர், புருஷன் பெயர், எத்தனையாவது மாதம் என்று நான்கு கோடு போட்டிருந்தது. பதினொரு லயம். லயத்துக்கு ஒரு பக்கம். அதை நிரப்பிவிட்டால் யாருக்கு எப்போது நோவு எடுக்கும் என்பது என் கைக்குள் வந்துவிடும் என்று நம்பினேன்.

பொய் மாதம்

ஒரே வாரத்தில் புத்தகத்தை நிரப்பிவிட்டேன். அத்தனையும் பொய்.

எங்கள் பெண்கள் சரியான மாதத்தை வெளியே சொல்லமாட்டார்கள். கண் பட்டுவிடுமாம். ஏழு என்றால் ஐந்து என்பார்கள், ஒன்பது என்றால் ஏழு. கங்காணிக்குச் சரியான மாதம் தெரிந்தால் கொழுந்து மலையிலிருந்து இறக்கி வேலையை நிறுத்திவிடுவார் என்ற பயம் அதற்கு மேல். சில பெண்கள் புருஷனுக்கே ஒரு மாதம் குறைத்துத்தான் சொல்லியிருந்தார்கள். அதெல்லாம் மாமியார் கொடுத்த யோசனை.

இது எனக்குத் தெரியவந்த விதம் கொடுமையானது. ஐந்தாம் லயத்தில் ஒரு பெண் ஏழு மாதம் என்றாள். அதை நம்பி, தோட்டத்தின் அடுத்த டிவிசனில் வேறு ஒரு பிரசவத்துக்குப் போய் இரண்டு நாள் தங்கினேன். திரும்பி வந்தபோது ஐந்தாம் லயத்துப் பிள்ளையை ரப்பர் மரங்களுக்கு அடியில் புதைத்துவிட்டு வந்து ஆண்கள் கைகால் கழுவிக்கொண்டிருந்தார்கள். அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். ஏன் பொய் சொன்னாய் என்று அவளிடம் நான் கத்தினேன். பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம். இன்றைக்கு நினைத்தாலும் என் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

கேட்டுப் பார்த்த இடங்கள்

சரியான மாதத்தை யாரிடமாவது தெரிந்துகொள்ள வேண்டும் என்று அலைந்தேன். கங்காணியிடம் கேட்டேன். மலையில் ஏற முடியாமல் உட்கார்ந்தால்தான் தனக்கே தெரியும் என்றார். வயிறு தள்ளிய பிறகு யாருக்குத்தான் தெரியாது.

தோட்டத்து எல்லையில் இருந்த சிங்களக் கிராமத்தில் பிள்ளை பார்க்கும் ஒரு பெண்மணி உண்டு. அவரிடமும் போனேன். எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் நிலைமையைச் சொன்னேன். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே, தங்கள் ஊரிலும் அதே கதைதான், மாதம் கேட்டால் ஆகாயத்தைப் பார்ப்பார்கள் என்றார். எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. நான் வெளியூர் போகும் நாட்களில் ஆள் அனுப்பினால் வருவதாகவும் ஒப்புக்கொண்டார். சொன்னபடி இரண்டு முறை வந்தார்.

கடைசியாக, கடைவீதியில் மருந்துச் சரக்கு விற்கும் முஸ்லிம் கடைக்காரர் நானாவிடம் போனேன். சுக்கு, மிளகு, பெருங்காயம் என்று பிள்ளை பெற்றவளுக்கு வேண்டியதெல்லாம் அவருடைய கடையில்தான். யார் வாங்குகிறார்கள் என்று பார்த்தால் மாதம் தெரிந்துவிடுமே என்று கணக்குப் போட்டேன். அவர் தராசைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"புள்ள பொறக்க முந்தி யாரு தங்கச்சி மருந்து வாங்குற? ஆம்புள ஓடி வந்து சுக்கு கேட்டாண்டா, பொறந்து அர மணி நேரம் ஆச்சுண்டு அர்த்தம்."

இப்படி எல்லாரையும் கேட்டேன். வாரம் இரண்டு தடவை என் புறவாசலுக்கே வந்து நின்ற ஒருத்தியைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

வெளுப்பவளுக்குத் தெரியும்

அங்கம்மாவும் அவள் புருஷன் கருப்பனும் தோட்டத்துக்குத் துணி வெளுப்பவர்கள். அவளுக்கு என் வயதுதான் இருக்கும். அவளை நான் 'நீ' என்பேன், அவள் என்னை 'நீங்க' என்பாள். புறவாசல் படிக்குக் கீழேதான் நிற்பாள், நான் படிக்கு மேலே. ஏறி வா என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. அப்பா வீட்டிலும் அப்படித்தான் பார்த்து வளர்ந்தேன். கொழும்பில் படித்த படிப்பு அந்தப் படியை இறங்கச் சொல்லித் தரவில்லை.

ஒருநாள் அவள் துணி எண்ணிக்கொண்டிருக்கையில் நான் புத்தகத்தை வைத்துக்கொண்டு, மூன்றாம் லயத்துக்காரிக்கு ஆறு மாதம் என்று வாய்விட்டுப் படித்தேன். அங்கம்மா எண்ணுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். என்ன சிரிப்பு என்று அதட்டினேன். ஒன்றும் இல்லை என்றாள். விடாமல் கேட்டேன். ஆறு மாதத்துக்கும் வெகு முன்பே அந்தக் காம்பராவிலிருந்து வரவேண்டிய துணி வருவது நின்றுபோய்விட்டது என்று மட்டும் சொன்னாள்.

எனக்குப் பொறி தட்டியது. மாதாமாதம் பெண்கள் வீட்டுக்குத் தூரமாகும் நாட்களின் துணியை வெளுப்பவள் அவள். எந்தக் காம்பராவில் எந்த மாதம் அது நின்றது என்பது அவளுக்கு விரல் நுனியில் இருந்தது. புருஷனிடம் மறைத்தாலும் வெளுப்பவளிடம் மறைக்க முடியாது.

உடனே புத்தகத்தைப் பிரித்து, ஒவ்வொரு பெயராகச் சொல், எழுதிக்கொள்கிறேன் என்றேன். அவள் முகம் மாறிவிட்டது.

"அது மட்டும் கேக்காதீங்கம்மா. வீட்டுத் துணி நம்மள நம்பி வருது. நான் வாயத் தொறந்தா நாளைக்கு ஒருத்தி துணி போடமாட்டா."

மிரட்டிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். மசியவில்லை. ஐந்தாம் லயத்துப் பிள்ளையைப் பற்றிச் சொன்னபோது மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். எதற்காக அப்படிக் குனிந்தாள் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.

இரண்டு நாள் கழித்து ஒரு மூட்டையோடு வந்தாள். பிரசவத்துக்குச் சுத்தமான பழந்துணி வேண்டும் என்று நான் எப்போதும் புலம்புவேனே, அதற்காக என்றாள். வெள்ளாவியில் வைத்து ஆவியில் நன்றாக அவித்து எடுத்த துணி. கொழும்பு ஆஸ்பத்திரியில்கூட அவ்வளவு சுத்தத்தை நான் பார்த்ததில்லை.

"மூணாம் லயத்துக்கு வெள்ள தேவப்படும்" என்றாள். நாள் நெருங்கிவிட்டது என்று புரிந்துகொண்டேன்.

நான் சும்மா பார்க்க வந்ததுபோல் மூன்றாம் லயத்துக்கு நடையாய் நடந்தேன். ஒன்பதாம் நாள் நோவு எடுத்தது. நான் அங்கேயே இருந்தேன். தாயும் பிள்ளையும் நலம்.

அதற்குப் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. அந்தந்த வீட்டுப் பழந்துணியிலேயே கொஞ்சம் எடுத்து அவித்து மூட்டையாகக் கொண்டுவருவாள். நான் எந்த லயத்துக்கு என்று கேட்பேன். அவள் எண்ணைச் சொல்வாள். பெயர் சொல்லமாட்டாள், மாதம் சொல்லமாட்டாள். இரண்டு வருஷம் ஒரு தடவைகூடத் தவறியதில்லை. நான் சரியான நேரத்துக்கு வந்து நிற்பதைப் பார்த்து, மருத்துவச்சியம்மாவுக்கு ஏதோ அருள் இருக்கிறது என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். நானும் மறுக்கவில்லை. இன்ஸ்பெக்டர் வந்து என் புத்தகத்தைப் புகழ்ந்துவிட்டுப் போனார். அப்போதும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

குறி

இனி அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன். மூட்டையைப் பெட்டியில் போட்டவள் அதை அப்படியே மறந்துவிட்டேன்.

திங்கட்கிழமைதான் வெளுத்த துணி வீடு வீடாக வரும் நாள். அன்றைக்கு வரவில்லை. காலையிலேயே டாக்டரையா தன் வெள்ளைக் கோட்டு வரவில்லை என்று குதித்தார். எங்கள் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை வீட்டிலும் அதே சத்தம். துணி வரவில்லை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அங்கம்மா வரவில்லை என்று யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அன்று கீழே இருந்த பணிய லயத்தில் ஒரு பிரசவம். விடிந்ததும் போனவள், பத்து மணிக்கு மேல் திரும்பி வந்து, பையில் குறைந்த துணியை நிரப்பலாம் என்று பெட்டியைத் திறந்தேன். வியாழக்கிழமை மூட்டை மேலேயே இருந்தது. அவிழ்த்தேன்.

ஒவ்வொரு வீட்டுத் துணியிலும் வெளுப்பவர்கள் சேங்கொட்டைப் பாலால் ஓரத்தில் ஒரு குறி போட்டிருப்பார்கள். இரண்டு புள்ளி, ஒரு கோடு, ஒரு சிலுவை, இப்படி. துணி மாறிப்போகாமல் இருக்க. எத்தனை வெளுத்தாலும் அது போகாது. இந்த மூட்டையில் இருந்த துணிகளின் நான்கு ஓரத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எதிலும் குறி இல்லை.

குறி தேவைப்படாத வீடு தோட்டத்தில் ஒன்றுதான். வெளுப்பவள் தன் துணிக்குக் குறி போடுவதில்லை.

வயிற்றோடு அணைத்த மூட்டை கண் முன்னால் வந்தது. கொஞ்ச மாதமாக அவள் எப்போது வந்தாலும் மூட்டையை முன்னால் பிடித்துக்கொண்டேதான் நின்றாள் என்பதும் நினைவுக்கு வந்தது. அவளும் பெண்தானே, அவளும் கண் படும் என்று மறைத்திருக்கிறாள். நான்தான் பார்த்திருக்க வேண்டும். பையை எடுத்துக்கொண்டு ஓடினேன். செருப்பு ஒன்று சேற்றில் போய்விட்டது. எடுக்க நிற்கவில்லை.

ஓடைக்கரை

கருப்பன் குடிசை வாசலில் மழையில் நின்றுகொண்டிருந்தான். விடியற்காலையிலிருந்து நோவு என்றான். லயத்துக்குப் பிள்ளை பார்க்கும் கிழவியைப் போய்க் கூப்பிட்டிருக்கிறான். உங்கள் வீட்டில் கை வைத்தால் மற்ற வீட்டுக்காரர்கள் என்னை உள்ளே விடமாட்டார்கள் என்று அவள் வரவில்லை. பிறகு என்னைத் தேடி டிஸ்பென்சரிக்கு வந்திருக்கிறான். முற்றத்தில் நின்றவனைப் பார்த்ததும் டாக்டரையா கோட்டு எங்கேடா என்று கேட்டிருக்கிறார். அவனுக்கு வாய் எழவில்லை. திரும்பி வந்துவிட்டான்.

உள்ளே போனேன். பிள்ளை தலைகீழாக இல்லை. ஒரு கால் முதலில் வந்திருந்தது. அங்கம்மாவின் உதடு வெளுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தாள். அந்த நிலையிலும் எனக்கு மரியாதை. படு என்று தோளைப் பிடித்து அழுத்தினேன். அவளை நான் தொட்டது அதுதான் முதல் தடவை.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. படித்ததெல்லாம் கைக்கு வந்தது, சாமியையும் கூப்பிட்டேன். மற்றக் காலை இறக்கி, உடம்பைத் துணியில் சுற்றிப் பிடித்து, கைகளை ஒவ்வொன்றாக எடுத்து, கடைசியில் தலை வந்தது. பெண் பிள்ளை. நீலமாகக் கிடந்தது. அழவில்லை. அங்கம்மா பிள்ளையைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு தடவை பார்த்துப் பழகிய முகத்தை மூன்றாம் தடவையும் எதிர்பார்த்தாள்.

வாயிலிருந்த சளியை விரலால் எடுத்தேன். முதுகைத் தேய்த்தேன். வாயோடு வாய் வைத்து ஊதினேன். மறுபடி தேய்த்தேன். முதலில் ஒரு விக்கல் வந்தது. பிறகு மெல்லிய ஓர் அழுகை. பிறகு குடிசையே அதிரும்படி கத்தியது. வெளியே கருப்பன் ஓவென்று அழுதான். எனக்கும் அழுகைதான். தொப்புளில் நூல் கட்ட வெகு நேரம் பிடித்தது.

எல்லாம் அடங்கியபின் பிள்ளையை அவள் பக்கத்தில் கிடத்தினேன். என் கோபம் திரும்பி வந்துவிட்டது. வியாழக்கிழமை என் வாசல் வரைக்கும் வந்தாயே, ஒரு வார்த்தை சொன்னால் என்ன என்று கேட்டேன்.

அவள் குற்றம் சொல்லும் குரலில் பேசவில்லை. தெரியாதவர்களுக்கு வழி சொல்வதுபோல் சொன்னாள்.

"நீங்க எந்த லயத்துக்குன்னுதானே கேட்டீங்க. நாங்க எந்த லயத்துலயும் இல்லீங்களேம்மா."

எனக்கு வெட்கமாக இருந்தது. பதினொரு லயத்துக்கும் பக்கம் ஒதுக்கியிருந்த என் புத்தகத்தில் ஓடைக்கரைக்கு ஒரு வரிகூட இல்லை. அந்தப் புத்தகத்தை இரண்டு வருஷம் உண்மையாக்கித் தந்தவள் அவள். அவள் பறிகொடுத்த இரண்டையும் புதைத்த இடம் குடிசைக்குப் பின்னால் பத்தடியில் இருந்தது. ஐந்தாம் லயத்துப் பிள்ளையைப் பற்றிச் சொன்னபோது அவள் ஏன் தலைகுனிந்தாள் என்று அப்போதுதான் விளங்கியது.

பிரசவத் துணியெல்லாம் குவிந்து கிடந்தது. மற்ற வீடுகளில் அதை அவளே வந்து எடுத்துப்போவாள். இங்கே யார் எடுப்பது? நான் சுற்றிலும் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "அப்படியே மூலையில போடுங்கம்மா. நாளைக்கு எந்திரிச்சு நானே அலசிப் போட்டுக்கிறேன்" என்றாள்.

நான் துணியை அள்ளிக்கொண்டு ஓடைக்கு இறங்கினேன். வேண்டாம் வேண்டாம் என்று உள்ளேயிருந்து அவள் சொல்வது கேட்டது. மத்தியானக் கொழுந்தை எடை போட்டுவிட்டு மேல் ரோட்டில் போய்க்கொண்டிருந்த பெண்கள் கூடையோடு நின்றுவிட்டார்கள். கணக்கப்பிள்ளை மகள், கொழும்பில் படித்த மருத்துவச்சி, வெளுப்பவள் கல்லில் அவள் தீட்டுத் துணியை ஓங்கி அடிப்பதைப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இன்னும் ஓங்கி அடித்தேன்.

குடிசைக்குள்ளிருந்து அங்கம்மாவின் குரல் வந்தது. களைத்த குரல், ஆனால் இதுவரை என்னிடம் அவள் பேசாத அதட்டல் அதில் இருந்தது.

"அம்மா, அப்படி அடிச்சா கிழிஞ்சிரும். சவுக்காரம் போட்டுக் கசக்குங்க."

கசக்கினேன். ரத்தக் கறை போகவில்லை. மறுபடியும் போடச் சொன்னாள். போட்டேன்.